நாறும் வாளி, காயும் குவியல்: மக்கு உரம் பற்றி எல்லையோர வாசகர்களின் கேள்விகள்

இந்த மாதம் தோட்டப் பகுதிக்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் மக்கு உரம் பற்றியவை. களியக்காவிளை தொடங்கி ஆனைகட்டி, கூடலூர் வரை, தமிழக, கேரள எல்லை மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து எழுதியிருக்கிறீர்கள். ஊருக்கு ஊர் மழை மாறுவதால் ஒருவருக்குச் சொன்ன பதில் இன்னொருவருக்குப் பொருந்தாது. குமரி மேற்கில் தண்ணீர் கூடிப்போய்க் கெடுகிறது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயில் தண்ணீர் போதாமல் கெடுகிறது. ஆகவே பதிலைப் படிக்கும் முன் கேட்டவரின் ஊரைப் பாருங்கள்.

இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு அடுக்களைக் கழிவைப் போட்டு வருகிறேன். சித்திரை வரை ஒரு குறையும் இல்லை. இடவப்பாதி மழை தொடங்கியதும் நாற்றம் தாங்கவில்லை. அடியில் கறுப்புத் தண்ணீர் நிற்கிறது. சாம்பல் நிறத்தில் தட்டையான புழுக்கள் நூற்றுக்கணக்கில் நெளிகின்றன. தூக்கிக் கொட்டிவிட்டு வேலையைப் பார் என்கிறார்கள் வீட்டில்.
– வாசகி, களியக்காவிளை

கொட்ட வேண்டாம். வாளிக்குள் காற்று நின்றுபோய்விட்டது, அவ்வளவுதான். காய்கறிக் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். கோடையில் அது தானே ஆவியாகிவிடும். ஆனியில் காற்றே ஈரமாக இருக்கும்போது போக வழியில்லாமல் அடியில் இறங்கி, இடைவெளிகளை எல்லாம் அடைத்துவிடுகிறது. காற்று வேண்டிய நுண்ணுயிர்கள் செத்து, காற்று வேண்டாதவை பெருகுகின்றன. நாற்றம் அவற்றின் வேலை.

எந்த மாதிரி நாற்றம் என்று முதலில் மோந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் தண்ணீர் அதிகம், காற்று இல்லை. கண்ணைக் கரிக்கிற தொழுவத்து நெடி என்றால் நைட்ரஜன் அதிகம். மீன், பருப்பு, பச்சிலை கூடிவிட்டது. பழைய சோறு புளித்த வாடை என்றால் சோறும் பழமும் ஒரே நாளில் அளவுக்கு மிஞ்சி விழுந்திருக்கின்றன. மூன்றுக்கும் முதல் மருந்து ஒன்றுதான்: காய்ந்த சருகு.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: ஒரு பழைய சாக்கை விரித்து வாளியை முழுவதும் கவிழ்த்துக் கொட்டுங்கள். கட்டியாக இருப்பதைக் கையால் உதிர்த்துவிட்டு, அதே அளவு நொறுக்கிய காய்ந்த சருகு அல்லது உலர்ந்த தும்புச் சோறு (தென்னை நார்த்தூள்) சேர்த்துப் பிரட்டுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் இன்னும் சருகு. கையைத் திறந்ததும் பொலபொலவென உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். இந்தப் பிடிப் பதத்தில் ஐம்பது முதல் அறுபது சதவீதம் ஈரம் இருக்கும். மக்குவதற்கு ஏற்றது அதுதான். மூன்றாம் நாள் நாற்றம் அடங்கியிருக்கும்.

வாளியையும் ஒருமுறை பாருங்கள். அடியில் மட்டும் நாலு ஓட்டை போட்டால் போதாது. 8 மில்லிமீட்டர் டிரில்லில் அடியில் ஆறு, பக்கவாட்டில் நாலு விரல் இடைவெளியில் மூன்று வரிசை போடுங்கள். வாளியைத் தரையில் வைக்காமல் மூன்று செங்கல்லின் மேல் ஏற்றி, கீழே ஒரு தட்டு வையுங்கள். அடியில் இரண்டு அங்குலத்துக்கு உடைத்த கதம்பல் (தேங்காய் மட்டை) துண்டுகளைப் பரப்பினால் ஓட்டை அடையாது. மூடி இருக்க வேண்டும்; சன்ஷேடு தண்ணீர் சொட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

அளவு இதுதான்: ஒரு கிண்ணம் கழிவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு. நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஒரு கிலோ கழிவு வந்தால், எடையில் முந்நூறு முதல் நானூறு கிராம் சருகு. நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு வேண்டும். அடுக்களைக் கழிவில் 15, 20 பங்குதான் தேறும். சருகில் ஐம்பதும் அதற்கு மேலும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் கணக்கு நேராகிறது. வாரம் இரண்டு தடவை அடி வரைக்கும் கிளறுங்கள்.

ஆனியிலும் ஆடியிலும் காய்ந்த சருகுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்கள் பக்கத்தில் ரப்பர் மரம் மார்கழி தொடங்கி மாசிக்குள் இலையைக் கொட்டிவிடும். அந்த நேரத்தில் அள்ளி, மொறுமொறுவென்று காய்ந்திருக்கும்போதே சாக்கில் திணித்து மிதித்து, இறவாணத்தின் கீழ் அடுக்கிவிட வேண்டும். ஆறு மாத மழைக்கு எட்டு முதல் பத்து உரச் சாக்கு போதும். மழைக்கால மக்கு உரத்தின் வெற்றி தோல்வி தை மாதத்திலேயே முடிவாகிவிடுகிறது. கடையில் விற்கும் இனாகுலம் (மக்கவைக்கும் நுண்ணுயிர்த் தூள்), நுண்ணுயிர்க் கரைசல் எல்லாம் இரண்டாம்பட்சம். சருகு இல்லாத வாளியில் எந்தக் கரைசலை ஊற்றினாலும் அதுவும் சேர்ந்து அழுகும்.

புழு பற்றி: பழுப்புச் சாம்பல் நிறம், தட்டை உடம்பு, வரிவரியாகக் கண்டங்கள், தொட்டால் தோல் கடினமாக இருக்கிறதா? அவை கறுப்புப் பட்டாள ஈயின் புழுக்கள். கேரளத்தில் பட்டாளப் புழு என்பார்கள். வீட்டு ஈயின் புழு வெள்ளையாக, மெத்தென்று, ஒரு முனை கூராக இருக்கும், அது வேறு. பட்டாள ஈ கடிக்காது, சோற்றில் வந்து உட்காராது. புழு கழிவைத் தின்று பாதியாக்கிவிடும். வாளி ஈரமாக இருக்கிறது என்பதற்கு அது ஒரு அறிகுறி. சருகு கூடினால் தானாகக் குறையும். கோழி வளர்த்தால் அள்ளிப் போடுங்கள்.

அடித்தட்டில் வடியும் கறுப்புத் தண்ணீரை ‘வெர்மிவாஷ்’ (மண்புழுத் தொட்டியில் வடியும் சத்துநீர்) என்று நினைத்து இலையில் தெளித்துவிடாதீர்கள். பத்து மடங்கு தண்ணீர் கலந்து தென்னை மூட்டில் ஊற்றலாம். கீரைக்கு வேண்டாம்.

ஐந்து மாதமாகக் குவித்து வைத்திருக்கிறேன். மா இலை, தேக்கு இலை, கரும்புச் சோகை எல்லாம் போட்டேன். மேலே சாணக் கரைசலும் ஊற்றினேன். கிளறினால் போட்டபடியே இருக்கிறது. எங்கள் மண் கறுப்பு மண்.
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

களியக்காவிளைக்காரருக்குச் சொன்னதை அப்படியே தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள். சித்தூர் வட்டாரம் கேரளத்தில் இருந்தாலும் மழையில் கேரளம் இல்லை. ஆடிக் காற்று கணவாய் வழியே புகுந்து, குவியலின் ஓரத்தை இரண்டே நாளில் அப்பளமாக்கிவிடும். மேலே ஊற்றும் கரைசல் நாலு அங்குலம்கூட இறங்குவதில்லை. மா இலையிலும் தேக்கு இலையிலும் மெழுகுப் பூச்சு உண்டு. தேக்கு இலை ஒன்றன்மேல் ஒன்று படிந்து கூரை மாதிரி தண்ணீரை வழியவிட்டுவிடும்.

கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். சருகை மண்வெட்டியால் கொத்தி அல்லது மேலே ஏறி மிதித்து நொறுக்கி, ஒரு ராத்திரி தொட்டியில் ஊறப்போடுங்கள். நூறு கிலோ காய்ந்த சருகு சரியான ஈரத்துக்கு வர நூற்றுப் பத்து லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கும். இந்தக் கணக்கைக் கேட்டதும் பலரும் மலைத்துப்போகிறார்கள். இரண்டு குடம் தெளித்துவிட்டுக் காத்திருப்பவர்களே அதிகம். நைட்ரஜனுக்கு, நூறு கிலோ சருகுக்கு இருபத்தைந்து கிலோ பச்சைச் சாணம், அதோடு வரப்பில் நிற்கும் சீமைக்கொன்றையை (கிளைரிசிடியா) ஒடித்து நாற்பது கிலோ தழை. ஆறு அங்குலம் சருகு, மேலே ஒரு படை தழை, அதன்மேல் சாணக் கரைசல் என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள்.

குவியல் மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி உயரத்துக்குக் குறையக் கூடாது. சின்னக் குவியலில் உண்டாகும் சூடு உண்டாகும்போதே வெளியே போய்விடும். மூன்றாம் நாள் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் சொருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். பிடிக்க முடியாமல் கையை இழுத்தால் 55 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சூடு மூன்று நாளாவது நின்றால் களை விதையும் நோய்க் கிருமியும் பெரும்பாலும் சாகும். கம்பி வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்றால் தண்ணீரோ சாணமோ குறைவு. 15, 30, 45-ஆம் நாள்களில் வெளியோரம் உள்ளே போகும்படி புரட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பிடிப் பதம் பார்த்துத் தண்ணீர் சேருங்கள். மூன்று மாதத்தில் எடுக்கலாம். தேக்கு நரம்பு மட்டும் மிஞ்சும். அடுத்த குவியலுக்கு அது அடிப்படை.

உங்கள் ஊருக்குக் குவியலைவிடக் குழி நல்லது. இரண்டு அடி ஆழம் போதும், காற்று உலர்த்தாது. 1924 முதல் 1931 வரை இந்தூரில் வேலை பார்த்த ஆங்கிலேய வேளாண் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்டு வகுத்த முறையிலேயே வறண்ட காலத்துக்குக் குழி, மழைக்காலத்துக்குத் தரைமேல் குவியல் என்ற பிரிவு உண்டு. குமரி வாசகர்கள் ஆடியில் குழி தோண்டினால் கிடைப்பது கிணறு.

தென்னந்தோப்பில் எருக்குழி. கிளறியபோது கட்டைவிரல் தண்டி வெள்ளைப் புழுக்கள், பழுப்புத் தலையோடு சுருண்டு கிடந்தன. மண்ணுக்கு நல்லது, விட்டுவிடு என்கிறார் பக்கத்துத் தோப்புக்காரர். உண்மையா?
– வாசகர், குலசேகரம்

பக்கத்துத் தோப்புக்காரர் சொல்வதைக் கேட்டால் இரண்டு பேர் தோப்புக்கும் கேடு. தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடத் தேடி வருவதே இப்படிப்பட்ட எருக்குழியையும் மட்கிய தென்னந்தடியையும்தான். புழு மூன்று முதல் ஐந்து மாதம் அங்கேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகி ராத்திரியில் பறக்கும். விரியாத குருத்தில் அது போட்ட ஓட்டை, ஓலை விரிந்ததும் கத்தரிக்கோலால் விசிறி மாதிரி வெட்டியதுபோலத் தெரியும். உங்கள் தோப்பில் அப்படி ஓலைகள் இருக்கின்றனவா என்று அண்ணாந்து பாருங்கள்.

அதே சமயம், குழியில் கிடக்கும் வெள்ளைப் புழு எல்லாம் அதுவே அல்ல. பூ வண்டு இனத்தின் புழுவும் சுருண்டுதான் கிடக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: புழுவைச் சமதளமான பலகையில் விடுங்கள். மல்லாந்து படுத்துக்கொண்டு முதுகால் ஊர்ந்தால் அது பூ வண்டுப் புழு. அது மட்கியதைத் தின்றுவிட்டுப் போகட்டும். ‘சி’ எழுத்துபோல் ஒருக்களித்துக் கிடந்து, காலை உதைத்துத் தடுமாறினால், அதுவும் விரல் நீளம் இருந்தால், காண்டாமிருக வண்டின் புழு. பொறுக்கி எடுத்து அழியுங்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழியை அடி வரை புரட்டினால் எந்தப் புழுவும் வண்டாகும் வரை தப்பாது. கோழிகளை விட்டால் உங்களைவிட வேகமாகப் பொறுக்கும். அடுத்தது மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூசணம். வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, உறையில் உள்ள அளவுப்படி தண்ணீரில் கரைத்துக் குழி முழுக்க நனையும்படி ஊற்றுங்கள். சில வாரத்தில் விறைத்துப்போன புழுக்கள் கிடைக்கும். உடம்பின்மேல் பாசிப் பச்சையில் மாவு தூவியது மாதிரி இருக்கும். அவற்றை வெளியே எறியாதீர்கள். திரும்பக் குழியிலேயே போடுங்கள். மற்ற புழுக்களுக்கு நோய் அங்கிருந்துதான் பரவும். கொதிக்கிற புதுக் குவியலில் இந்தப் பூசணத்தை ஊற்றி வீணாக்க வேண்டாம், சூட்டில் செத்துவிடும். சூடு தணிந்த பின் ஊற்றுங்கள். வரப்பில் பெருவலம் செடி நின்றால் பிடுங்கி எருவோடு கலப்பதும் நல்லது. புழுவின் வளர்ச்சியைக் கெடுக்கும் என்று காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையமே பரிந்துரைக்கிறது.

பழைய மீன் வலை கிடைத்தால் குவியலின்மேல் தளர்வாக விரியுங்கள். இறங்கும் வண்டும் ஏறும் வண்டும் காலில் சிக்கிக்கொள்ளும். தினமும் காலையில் பார்க்க வேண்டும். சாரைப் பாம்பும் சிக்கும், வலையை அறுத்து அதை விட்டுவிடுங்கள். உரத்தைத் தென்னை மூட்டுக்குக் கொண்டுபோகும் முன் அரை அங்குலச் சல்லடையில் சலிப்பதையும் விடாதீர்கள்.

பைப் கம்போஸ்ட் என்று எட்டு அங்குல பிவிசி குழாய் இரண்டு நட்டேன். ஒரே மாதத்தில் நாற்றம். பக்கத்து வீட்டில் சண்டை.
– வாசகர், பாறசாலை

குழாய் சரிதான், இடமும் போட்ட சாமானும் சரியில்லை. ஒன்றேகால் மீட்டர் குழாயில் ஒரு அடி மண்ணுக்குள் போகும். உங்கள் பக்கம் மழையில் நிலத்தடி நீர் அந்த ஒரு அடிக்கே ஏறி வந்தால், குழாயின் அடி கிணறுதான். மேடான இடத்துக்கு மாற்றுங்கள். அடியில் இரண்டு கை சரளைக் கல் போடுங்கள். பக்கவாட்டில் ஓட்டை போட்டு வலை சுற்றுங்கள். மீன், இறைச்சி, குழம்பு ஊற்றிய சோறு இந்தக் குழாய்க்கு ஆகாது, ஏனென்றால் கிளற வழியே இல்லை. தினமும் கழிவின் மேல் ஒரு கை சருகுத்தூள், வாரம் ஒரு முறை ஒரு டம்ளர் சாணக் கரைசல். அதற்கு மேல் தண்ணீர் எதுவும் ஊற்ற வேண்டாம். ஒரு குழாய் நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இரண்டு மூன்று வீடு சேர்ந்தால் தும்பூர்முழி பெட்டி நல்லது. கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழிப் பண்ணையில் உருவானது. நாலு அடிக்கு நாலு அடி, நாலு அடி உயரம், பக்கச் சுவரெல்லாம் இடைவெளி, மேலே கூரை. அடியில் அரை அடி பச்சைச் சாணம், பிறகு அரை அடி சருகு, அதன்மேல் கழிவு, மறுபடி சாணம் என்று அடுக்குகிறார்கள். மூன்று மாதத்தில் உரம். மீன் கழிவையும் அது தாங்கும். சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரரையே பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் வாரம் நாலு நாள் மீன். செதில், குடல், தலை எல்லாம் உரத்தில் போடலாமா?
– வாசகி, நித்திரவிளை

போடலாம். ஆனால் மேலாகப் போட்டால் பூனையும் கீரியும் உரத்தை உங்களுக்கு முன்னால் கிளறிவிடும். பெரிய குவியலின் நடுவில் ஒரு அடி ஆழம் தோண்டி, ஒரு பங்கு மீன் கழிவுக்கு மூன்று பங்கு மரத்தூள் அல்லது சருகு கலந்து புதைத்து மூடுங்கள். மற்ற கழிவுக்கு மரத்தூள் உதவாது. கார்பன் மட்டுமே உள்ள அதை மக்கவைக்க நைட்ரஜன் போதாது. மீனில் அது தாராளமாக இருப்பதால் இரண்டும் நல்ல ஜோடி. பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம், பசை கலந்தது. கருவாடு கழுவிய தண்ணீரையும் உப்பில் கிடந்த மீனையும் தள்ளி வையுங்கள். நண்டு, இறால் ஓடு மெல்ல மக்கும், போடலாம்.

குவியல் இல்லாத வீட்டுக்கு மீன் அமிலம். ஒரு கிலோ மீன் கழிவைத் துண்டாக்கி, ஒரு கிலோ வெல்லத்தைத் தூளாக்கிக் கலந்து பிளாஸ்டிக் ஜாடியில் முக்கால் வரை மட்டும் நிரப்புங்கள். (கருப்பட்டி வேண்டாம், விற்கிற விலைக்கு அதைக் காப்பியிலேயே போடுங்கள்.) மூடியைத் தளர்வாக வையுங்கள், இறுக்கினால் வாயு சேர்ந்து ஒருநாள் வெடிக்கும். இருபத்தொரு நாள் முதல் ஒரு மாதம் கழித்து, நாற்றம் போய்ப் பழவாடை வரும். வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.

சாரல் தொடங்கியதிலிருந்து மண்புழுத் தொட்டியில் புழுக்கள் ராத்திரி சுவரேறி ஓடுகின்றன. போன பங்குனியில் எறும்பு வந்து பாதியைத் தின்றது.
– வாசகி, செங்கோட்டை

எறும்பு வந்தது தொட்டி காய்ந்ததால். புழு ஓடுவது தொட்டி நனைந்ததால். இரண்டும் ஒரே கவனக்குறைவின் இரண்டு முனை.

சாரல் பெரிதாகப் பெய்வதாகத் தெரியாது. நாள் முழுக்கப் பூவாகத் தூவி, தொட்டி அடியில் நாலு விரல் தண்ணீர் சேர்த்துவிடும். வடிகால் ஓட்டையில் குச்சி விட்டு அடைப்பு எடுங்கள். மேலே ஓலைத் தட்டியோ தகரமோ, காற்றடிக்கும் மேற்குப் பக்கம் சாக்குத் திரையும் வேண்டும். தண்ணீர் வடிந்தும் புழு ஓடினால் நீங்கள் போட்ட சாணம் பச்சை. பச்சைச் சாணமும் புதுக் கழிவும் தொட்டிக்குள் சூடேறும்; 35 டிகிரிக்கு மேல் புழு தாங்காது. சாணத்தைப் பத்துப் பதினைந்து நாள் ஆறவிட்டு, கழிவையும் தனி வாளியில் இரண்டு வாரம் பாதி மக்கவிட்டுப் பிறகு கொடுங்கள். அரைக் கிலோ புழு நாளுக்குக் கால் கிலோ தின்னும், அதற்கு மேல் போடுவது அழுகும். எலுமிச்சைத் தோல், வெங்காயம், ஊறுகாய் கூடாது.

எறும்புக்கு, தொட்டிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதும், மேல் சாக்கை ஈரமாகவே வைப்பதும் போதும். எறும்புப் பொடி போட்டுவிடாதீர்கள், புழுவும் போய்விடும்.

மொட்டை மாடித் தக்காளி, கத்தரிக்கு நானே செய்த உரம் ஆளுக்கு இரண்டு கை போட்டேன். பத்து நாளில் இலை மஞ்சளாகிவிட்டது. கடை உரம் போட்ட செடிகள் நன்றாக இருக்கின்றன.
– வாசகி, கம்பம்

உரம் முற்றவில்லை. பாதி மக்கியதைப் பையில் போட்டால் மீதி மக்கலுக்கு வேண்டிய நைட்ரஜனை நுண்ணுயிர்கள் செடியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதுதான் மஞ்சள். மேலே கிடக்கும் உரத்தை வழித்து எடுத்துவிட்டு, கோமியம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து செடிக்கு அரை லிட்டர், வாரம் ஒருமுறை வீதம் இரண்டு வாரம் ஊற்றுங்கள். தேறிவிடும்.

அடுத்த முறை போடும் முன் இரண்டு சோதனை. ஒன்று, ஈரமான உரம் ஒரு கை எடுத்து பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி மூன்று நாள் வையுங்கள். பிரித்ததும் முதல் மழை பெய்த மண்வாசம் வந்தால் முற்றியது. புளிப்போ நெடியோ வந்தால் இன்னும் மூன்று நாலு வாரம். இன்னொன்று, ஒரு தட்டில் உரமும் இன்னொன்றில் மண்ணும் பரப்பி இருபது இருபது வெந்தயம் தூவுங்கள். மண்ணில் பதினெட்டு முளைத்து உரத்தில் பத்துதான் முளைத்தால், அல்லது வேர் நுனி கருகினால், பொறுக்க வேண்டும்.

சாம்பலும் சுண்ணாம்பும் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மக்கும் குவியலில் வேண்டாம். அமிலத்தன்மை குறைந்து, சாணத்திலும் கோமியத்திலும் உள்ள நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும். உரத்தைச் செய்து காற்றுக்குக் கொடுப்பதற்குச் சமம்.

பலாச் சுளை எடுத்த மடலைக் குழியில் போட்டு மூடுகிறோம். போன வாரம் யானை வந்து குழியையே பெயர்த்துவிட்டது.
– வாசகர், ஆனைகட்டி

பலா, வாழைத்தண்டு, உப்புப் பட்ட கழிவு எதையும் உங்கள் ஊரில் திறந்த குழியில் போடாதீர்கள். ஒரு அடி மண் போட்டு மூடினாலும் வாசம் யானைக்கு எட்டும். பன்றிக்கும். பலா சீசன் முடியும் வரை மடலை மாட்டுக்குக் கொடுங்கள். மிச்சத்தை மூடியுள்ள டிரம்மில், வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காமல், சருகோடு போட்டு மக்கவையுங்கள். சருகு மட்டும் உள்ள குவியலை யானை பொருட்படுத்துவதில்லை. உரத்துக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

தும்பு ஆலையிலிருந்து தும்புச் சோறு சும்மா கிடைக்கிறது. அப்படியே செடிக்குப் போடலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

கூடாது. பச்சைத் தும்புச் சோற்றில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு நூறு பங்குக்கு மேல் கார்பன். செடியைப் பட்டினி போடும். டானின் சத்து வேரைக் கருக்கும். நூறு கிலோவுக்கு அரைக் கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்து ஒரு பாக்கெட்டும் போட்டு, மூன்று அங்குலப் படையாக மாற்றி மாற்றித் தூவி நிழலில் ஈரமாக வைத்தால், இரண்டு மாதத்தில் கறுத்துப் பாதியாகும். யூரியா பிடிக்காதவர்கள் இருபது கிலோ கோழி எருவும், ஒன்றிரண்டு மாதம் கூடுதல் பொறுமையும் சேர்க்கலாம்.

எங்கள் மண் சிவப்பு, தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண். காய்கறிக்கு எவ்வளவு மக்கு உரம் போட வேண்டும்? வீட்டுக் கழிவு போதுமா?
– வாசகர், கூடலூர், நீலகிரி

நூறு சதுர அடிக்கு ஒரு அங்குலக் கனத்தில் பரப்பினால் இருபது லிட்டர் வாளியில் பன்னிரண்டு வாளி, எடையில் 120 முதல் 140 கிலோ. நாளுக்கு ஒரு கிலோ கழிவும் அதற்குரிய சருகும் போடும் வீட்டில் ஒரு வருடத்தில் கிடைப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஏனென்றால் போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் உரமாக நிற்கும். அதாவது ஒரு குடும்பத்தின் வருடக் கழிவு, ஒரு சென்ட்டில் கால் பாகத்துக்கும் சற்றுக் குறைவான இடத்தை மூடும். ஆகவே நிலம் முழுக்கத் தூவாமல் நடும் குழியில் வையுங்கள்: தக்காளி, கத்தரி, மிளகாய்க்குக் குழிக்கு ஒரு கிலோ, பூசணி, பாகலுக்கு மூன்று கிலோ, பிறகு மாதம் ஒரு முறை ஒரு கை, தண்டில் ஒட்டாமல் சுற்றி வைத்து மேலே சருகு மூடாக்கு.

மக்கு உரம் மண்ணின் புளிப்பை ஓரளவு தாங்கிப்பிடிக்கும், முழுவதும் மாற்றாது. அதற்கு டோலமைட் அல்லது சுண்ணாம்பு வேண்டும். எவ்வளவு என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். ஐந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ கொடுங்கள். உரம் போட்டு ஒரு மாதத்துக்குள் மண் எடுத்தால் கணக்கு தவறும். சுண்ணாம்பு போட்ட இரண்டு வாரம் கழித்தே மக்கு உரம் இடுங்கள்.